கொம்பியூட்டரில் மாமாவுக்கு ஒரு பங்கு

மாமாவுக்குக் கலியாணம் பேசி முடித்துவிட்டு வந்த அன்று வீட்டில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல்லாக இருந்தது. எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு சிரித்துச் சிரித்துத் திரிந்த பெரியம்மாவைப் பார்க்கப் பார்க்க, இந்த மனிசிக்கு அப்படி என்னதான் சந்தோசம் என்று ஆத்திரமாக இருந்தது. மாமா எங்களை விட்டுப் போகப்போகிறார். என் பத்து வயது மூளைக்கு எட்டியது அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்கு. களுதாவளையில் இருந்த எங்கள் வளவும் அப்படித்தான் பிரிந்திருந்தது. மூத்தவள் என்பதால் முன்பக்கம் பெரியம்மாவுக்கு, பின்பக்கம் அம்மாவுக்கு, நடுவில் ஒரு கம்பி வேலி, கிணறு பொது. இரண்டு பேருக்கும் ஒரே தம்பியான மாமா எங்கள் வீட்டு மண்டபத்தின் ஒரு மூலையில் கட்டிலைப் போட்டுக்கொண்டு இருந்தார். அப்பா கட்டாரில் வேலை செய்ததால் வீட்டுக்கு ஓர் ஆண் துணை வேண்டும் என்று அம்மா சொல்வார். துணை என்று பெயர்தான். எனக்கும் தங்கச்சிக்கும் சைக்கிள் பழக்கியதும், காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததும், பள்ளிக்கூட ஓவியப் போட்டிக்குப் படம் கீறித் தந்து என்னை மாட்டிவிட்டதும் எல்லாம் அவர்தான்.

பெண் மண்டூரில். வாவிக்கு அக்கரை. குருமண்வெளிக்குப் போய், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையில் ஏற வேண்டும். அந்த மிதவையைப் ‘பாதை’ என்போம். அக்கரை கண்ணுக்குத் தெரியும் தூரம்தான், ஆனால் எனக்கு அது கட்டாரைவிடத் தூரமாகப்பட்டது.

மாமா புளியந்தீவில் கொம்பியூட்டர் திருத்தும் கடையொன்றில் வேலை செய்தார். ஆட்கள் வேண்டாமென்று கழித்துவிட்டுப் போன சாமான்களைப் பொறுக்கிச் சேர்த்து எங்கள் வீட்டில் ஒரு கொம்பியூட்டரைக் கட்டி எழுப்பியிருந்தார். பெட்டிக்கு ஒரு பக்க மூடி கிடையாது. உள்ளே பல்லி முட்டையிடும் என்று அம்மா பழைய சேலைத் துண்டொன்றைப் போர்த்தி வைப்பார். போட்டதும் அது இரைகிற இரைச்சலில் பெரியம்மா வீட்டு நாய் குரைக்கும்.

அதற்குள் ஒரு வீடியோ இருந்தது. தங்கச்சிக்குக் காது குத்திய அன்று மாமா எடுத்தது. அதன் பிறகு கொஞ்ச நாளில்தான் அப்பா கட்டாருக்குப் போனார். தங்கச்சி வீரிட்டுக் கத்த, அப்பா அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கமராவைப் பார்த்து, “எடுத்தது காணும், வந்து புள்ளயப் புடி” என்பார். அவ்வளவுதான். பின்னேரம் வேலையெல்லாம் முடித்து முகம் கழுவிவிட்டு வந்து, “அதைக் கொஞ்சம் போடு தம்பி” என்பார் அம்மா. எதை என்று மாமா கேட்பதே இல்லை.

கலியாணத்துக்கு நாள் குறித்த பிறகு மாமா ஒருநாள் கடையிலிருந்து ஒரு சீ.டி.யைக் கொண்டுவந்தார். கொம்பியூட்டரில் இருந்த பழைய சிஸ்டம் யாரோ களவாகப் பிரதி எடுத்தது. மாதத்துக்கொரு தரம் வைரஸ் பிடித்துப் படுத்துவிடும், மாமாவும் மாதத்துக்கொரு தரம் அதற்கு வைத்தியம் பார்ப்பார்.

“நான் போன பிறகு இதுக்கு ஆரு பாக்கிற? இது லினக்ஸ். ஆரும் எடுத்துப் போடலாம், காசும் இல்ல, களவும் இல்ல. வைரஸும் லேசில வராது” என்று அம்மாவிடம் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனா முதல்ல ஹார்ட் டிஸ்கப் பங்கு போடணும் அக்கா” என்றும் சொல்லிவிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த பெரியம்மாவுக்குப் பங்கு என்ற சொல் மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது. மிளகாயை அப்படியே போட்டுவிட்டு வந்து மண்டபத்துக் கதிரையில் இருந்தார்.

“என்னத்தடா தம்பி பங்கு போடுற?”

“உள்ளுக்க ஒரு தட்டு இரிக்கி பெரியக்கா. நம்மட சாமான் எல்லாம் அதிலதான் கிடக்கு. இப்ப அது முழுக்க ஒரே துண்டு. வெட்டிப் பிரிச்சாத்தான் புதுசப் போடலாம். பழைய சிஸ்டம் ஒரு துண்டில, புதுசு இன்னொரு துண்டில, படம், வீடியோ எல்லாம் வேற துண்டுல. புதுசு பழுதாப் போனாலும் வீடியோவுக்கு ஒண்டும் ஆகாது.”

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். அவருடைய யோசனை முழுக்க அந்த வீடியோவில்தான். “வெள்ளாமை நிக்கக்குள்ள நடுவால வரம்பு வெட்டினா பயிர் சாகாதா தம்பி?” என்று கேட்டார்.

மாமா துள்ளி எழும்பினார். “அதுதான் அக்கா! முதல்ல பயிரையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கணும். மறுகாத்தான் வரம்பு.”

பெரியம்மாவுக்கு வரம்பும் பயிரும் இரண்டாம் பட்சம். எந்தத் துண்டு யாருக்கு என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. மாமா எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள், ஆகவே சிஸ்டங்களுக்குப் போக மிச்சத்தில் மூத்தவளான எனக்கு ஒரு துண்டு, இளையவளான தங்கச்சிக்கு ஒரு துண்டு, வீடியோவுக்குப் பொதுவில் ஒரு துண்டு என்று அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொன்னார். பொது என்பதைச் சொல்லும்போது கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினார். இனி மறுத்துப் பேசிப் பிரயோசனம் இல்லை என்று மாமாவும் விட்டுவிட்டார்.

பயிர் ஒதுக்கும் வேலை ஒரு பகல் முழுவதும் நடந்தது. திரையில் சின்னச் சின்ன நிறச் சதுரங்கள் ஒவ்வொன்றாக மறைந்து வேறு இடத்தில் போய்க் குந்திக்கொண்டிருந்தன. நானும் தங்கச்சியும் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தோம். வயல் வட்டைக்குப் போய்விட்டு வந்த பெரியப்பாவும் எங்களோடு வந்து இருந்துகொண்டு, இது நல்ல படமாக இருக்கிறதே என்று பார்த்தார். பெரியப்பாவுக்கு வயலில் வேலை இருக்கிறதோ இல்லையோ விடிந்தால் வட்டைக்குப் போயாக வேண்டும். வெள்ளாமை வெட்டி முடித்து வெறும் தரையாகக் கிடக்கும் காலத்திலும் போவார். எதற்கு என்று பெரியம்மா கத்தினால், “நம்மட துண்டு கிடக்கில்லியா, பாத்திட்டு வாறன்” என்பார்.

அன்று அவருக்குப் பக்கத்தில் இருக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு மனிசனுக்கு ஓரிடத்தில் துண்டு இருந்தால் அவன் அதைப் பார்க்க வந்துதான் தீருவான். என்ன மூளையடி உனக்கு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். “மாமாவுக்கும் ஒரு பங்கு வேணும்.”

பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “ஆம்புளப் புள்ளைக்கு இஞ்ச என்னகா பங்கு? அவன் போற எடத்துல வீடும் வளவும் அவனுக்காகக் காத்துக் கிடக்கு!”

அம்மாவும் சிரித்தார். நான் விடவில்லை. மாமாதானே இதைக் கட்டினார், மாமாவுக்கு இல்லாத பங்கு எனக்கும் வேண்டாம், தங்கச்சிக்கும் வேண்டாம், வீடியோவுக்கும் வேண்டாம் என்று நிலத்தில் காலை உதைத்து அழுதேன். தங்கச்சி தன்னுடைய பங்கை நான் எப்படி வேண்டாமென்று சொல்லலாம் என்று அவளும் அழுதாள். மாமா கண்ணாடியைக் கழற்றிச் சாரன் நுனியால் நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “சின்னத் துண்டு ஒண்டு விட்டா என்ன குறையப் போகுது பெரியக்கா” என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. என் அழுகைக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்கு போடுவதற்குப் பெரியம்மா கலண்டரில் நல்ல நேரம் பார்த்தார். எனக்கும் தங்கச்சிக்கும் தலை முழுக வார்த்து, புதுச் சட்டை போட்டு, பூ வைத்துவிட்டார். கொம்பியூட்டர் மேசையிலேயே நிறைகுடம் வைக்க வந்தவரை மாமா ஓடிப்போய்த் தடுத்து, குடத்தை வாங்கி வாசலில் வைத்தார்.

“நான் செல்றதக் கேளுங்க. இது ஓடி முடியுமட்டும் கரண்ட் நிக்கப்படாது. இடையில நிண்டா உள்ளுக்க இரிக்கிற எல்லாம் போச்சு.”

அன்று மின்வெட்டு இல்லை என்பதை ஏற்கனவே விசாரித்து வைத்திருந்தார். கரண்ட் போனால் தாங்கும் பெட்டியொன்றைக் கடையில் கேட்டிருக்கிறார், அதுவே பழுதாகிக் கிடந்ததாம். முக்கியமான சாமானை முதலில் வேறெங்காவது பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்லும் மனிதர், தன் அக்காவின் வீடியோவைப் பிரதி எடுக்க மறந்துபோனார். கலியாணக் கலக்கம் என்று பெரியம்மா பிறகு சொன்னார்.

மாமா பிள்ளையாரை நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு நீலக் கோடு மெல்ல நீளத் தொடங்கியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். நல்ல காரியம் தொடங்கிவிட்டது, வாயை மூடிக்கொண்டு நிற்பதென்றால் பெரியம்மாவால் ஆகிற காரியமா? நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டார். கேட்ட பழக்கத்தில் அம்மாவும் போட்டார். தங்கச்சியும் தனக்குத் தெரிந்த மாதிரிக் கூவினாள்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் திடீரென்று குரவை கேட்டால் அந்த வீட்டில் என்ன வயதில் பெண்பிள்ளை இருக்கிறாள் என்றுதான் சனம் யோசிக்கும். மாவு பிசைந்த கையோடு முதலில் ஓடி வந்தவர் அடுத்த வளவு மாமி. புதுச் சட்டையும் பூவுமாக நடுமண்டபத்தில் நின்ற என்னைக் கண்டதும் அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

“ஐயோ என்ட ராசாத்தி! பெரியபுள்ள ஆகிற்றாளாகா? நேத்தும் கொய்யாமரத்தில நிண்டாளே!”

அவருக்குப் பின்னால் இன்னும் பெண்கள். ஒருத்தி கையில் தேங்காய்கூட இருந்தது. ஆம்பிளை நிற்கிற இடத்தில் பிள்ளையை வைத்திருக்கிறார்களே என்று பெரியம்மாவை ஏசிக்கொண்டே என்னைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்தார்கள். “என்ன விடுங்க! நான் ஒண்டும் ஆகல்ல! டிஸ்க் பிரிக்கிற!” என்று நான் கத்தியதை ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. முதலில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் கத்தும் என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள். பெரியம்மா இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, வெட்கத்தில் மறைக்கிறார் என்று இன்னும் சிரித்தார்கள். மாமா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால் காவல் நின்றார்.

சனம் கூடியதில் மண்டபம் புழுங்கியது. அடுத்த வளவு மாமி மூலையில் சும்மா நின்ற மேசை விசிறியைக் கண்டார். நல்ல மனிசி, எல்லோருக்கும் காற்று வரட்டும் என்று நினைத்தார். சுவரோரமாகக் கிடந்த பிளக்கில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு விசிறியைச் செருகினார். விசிறி நன்றாகச் சுற்றியது. கொம்பியூட்டரின் இரைச்சல் நின்றது.

அந்த இரைச்சல் நின்றபோதுதான் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். திரை கறுப்பாக இருந்தது. மாமி பிடுங்கிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் என்ன செய்தன்?” என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். மாமா ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் திரும்பி அம்மாவைத்தான் பார்த்தார். அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

மறுபடி போட்டுப் பார்த்தபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி மட்டும் வந்து நின்றது. மாமா டிஸ்கைக் கழற்றித் துவாயில் சுற்றிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அடுத்து வந்த நாட்களில் கலியாண வேலை எதையும் அவர் பார்க்கவில்லை. உடுப்புத் தைக்க அளவு கொடுக்க வரச் சொன்னார்கள், போகவில்லை. கடையே கதி என்று கிடந்தார். அம்மா அந்தக் கதையை எடுக்கவே இல்லை. பின்னேரத்தில் முகம் கழுவிவிட்டு வந்து, மேசைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் குசினிக்குப் போய்விடுவார். பெரியம்மா டிஸ்குக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நேர்ந்துகொண்டார். எனக்கு வேறு பயமும் இருந்தது. டிஸ்க் செத்துவிட்டால் மாமாவின் துண்டும் இல்லை, துண்டு இல்லாவிட்டால் மாமா எதைப் பார்க்க வரப்போகிறார்?

பெரியம்மா வீட்டில் பலகாரத்துக்கு மா இடித்துக்கொண்டிருந்த நாளில் மாமா திரும்பி வந்தார். முகம் வாடி, தாடி வளர்ந்து, மாப்பிள்ளை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். டிஸ்கைப் பூட்டி, அந்த லினக்ஸ் சீ.டி.யைப் போட்டு ஓடவிட்டார். பழைய சிஸ்டம் போனது போனதுதான். ஆனால் அப்பா வந்தார். தங்கச்சியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, “எடுத்தது காணும், வந்து புள்ளயப் புடி” என்றார். அம்மா மாமாவின் தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதார். டிஸ்க் போன நாள் முதல் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிசி, கிடைத்த பிறகு அப்படி அழுதார்.

இந்தத் தடவை வீடியோவை முதலில் ஒரு சீ.டி.யில் எழுதி அம்மாவின் அலுமாரிக்குள் வைத்த பிறகுதான் மாமா பங்கு பிரித்தார். நல்ல நேரமும் இல்லை, நிறைகுடமும் இல்லை, கதவு பூட்டியிருந்தது. கெஞ்சிக் கேட்டதால் பெரியம்மாவை மட்டும் உள்ளே விட்டார்கள், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மாமாவின் துண்டை நான் ஞாபகப்படுத்தத் தேவைப்படவில்லை. சிஸ்டத்துக்கு, எனக்கு, தங்கச்சிக்கு, பொதுவுக்கு என்று வெட்டிய பிறகு கடைசியில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, ‘மாமா’ என்று பெயர் போட்டார். “சரிதானே மருமகள்?” என்று என்னிடம் கேட்டார்.

கலியாணத்தன்று பாதையில் எல்லோருமாக அக்கரைக்குப் போனோம். திரும்பி வரும்போது மாமா இல்லை. தங்கச்சி தேம்பித் தேம்பி அழுதாள். நான் அழவில்லை. “வருவார், நீ பேசாம இரி” என்று பெரிய மனிசி மாதிரிச் சொன்னேன்.

வந்தார். அடுத்த சனிக்கிழமையே வந்தார். பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்தார். வந்ததும் கொம்பியூட்டரைப் போட்டு, தன் துண்டைத் திறந்து பார்ப்பார். எதையோ தட்டுவார், மூடுவார். பிறகு அம்மாவின் தேத்தண்ணி, தங்கச்சியின் கணக்குப் பாடம், கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய், அம்மாவுக்குத் தேங்காய் உரித்துக் கொடுப்பது என்று பொழுது சாயும்வரைக்கும் நிற்பார். மண்டூரில் அவரைக் கொம்பியூட்டர் மாப்பிள்ளை என்று பகிடி பண்ணினார்களாம். ஒருமுறை மாமாவைக் கட்டிய மண்டூர் மாமியும் கூட வந்தார். மாமாவின் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்து, “இதுதானா உங்கட பங்கு?” என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு மூக்கு முட்டக் கோபம். என்ன நக்கல் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தத் துண்டை நான் கண்ணும் கருத்துமாகக் காத்தேன். அடுத்தவர் வளவுக்குள் கேட்காமல் கால் வைக்கக்கூடாது என்று பெரியம்மா சொல்லி வளர்த்தவள் நான். தங்கச்சி அதைத் திறக்கப் போனால் கையில் அடி விழும். நானும் திறந்ததில்லை. மாமா நெடுக வருகிறார் என்று அம்மா சந்தோசப்படும்போதெல்லாம், இது யாருடைய கெட்டித்தனம் தெரியுமா என்று மனதுக்குள் சிரித்துக்கொள்வேன்.

வருசங்கள் ஓட, அப்பா ஊரோடு வந்துவிட்டார். நான் படித்து, கொழும்பில் கொம்பியூட்டரோடேயே வேலையும் எடுத்துவிட்டேன். போன தைப்பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது அந்தப் பழைய பெட்டி ஒரேயடியாக ஓய்ந்து கிடந்தது. டிஸ்கைக் கழற்றி என்னுடைய மடிக்கணினியில் பூட்டினேன். எங்கள் துண்டுகளையெல்லாம் பிரதி எடுத்தேன். மாமாவின் துண்டுக்கு வந்ததும் கை தானாக நின்றது. போன் எடுத்தேன்.

“மாமா, டிஸ்க் போகப் போகுது. உங்கட பங்குக்குள்ள போய்ச் சாமான எடுத்து வைக்கட்டா?”

“போ புள்ள. அங்க எடுக்க ஒண்டும் இல்ல.”

திறந்தேன். ஒரு படம் இல்லை. ஒரு பாட்டு இல்லை. ஒரு வரி எழுத்துக்கூட இல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு வெட்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே கிடந்தது.

“அப்ப சனிக்கிழமை சனிக்கிழமையா வந்து என்னத்த மாமா பாத்த நீங்க?”

அந்தப் பக்கத்தில் மாமி யாரையோ சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

“பங்கில்லாத வீட்டுக்கு ஆம்புள எப்பிடிப் புள்ள நெடுக வாறது? சனம் கேக்கும்தானே. நீதான் அண்டைக்கு அழுது ஒண்டு எடுத்துத் தந்த” என்றார்.

மாமாவைத் தந்திரமாகக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறேன் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஆம்பிளைப் பிள்ளைக்கு இங்கே என்ன பங்கு என்று பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தபோது, நானும் தங்கச்சியும் ஆளுக்கொரு பக்கம் அழுதுகொண்டிருந்தபோது, பிறந்த வீட்டின் நடுமண்டபத்தில் தனக்கென்று ஒரு துண்டுமில்லாமல் இருந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதரும் அழுதுகொண்டுதான் இருந்தார் என்று எனக்குத் தெரியவே தெரியாது.